ஒட்டுசுட்டானில் ஓர் உலகப் பாடம்

தாண்டிக்குளத்துக்குச் சற்று முன்னால் இராணுவத்தினர் என் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்தவற்றை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார்கள். சவர்க்காரமும் மின்கலங்களும் ஒரு பக்கம் போயின. அவை வன்னிக்குள் போகக் கூடாதவை. உடுப்பு, மருந்து, தாள்கட்டுகள் மறுபக்கம். கடைசியில் ஒரு மடித்த பிளாஸ்ரிக் பை வந்தது. ஊதினால் உலக உருண்டையாகும் என்று நான் சொன்னதை அவர்கள் நம்பவில்லை. ஊதிக் காட்டச் சொன்னார்கள். அறுபத்தாறு வயதில், வெயிலில், நீண்ட வரிசையொன்று பார்த்துக்கொண்டு நிற்க, நான் உலகத்தை ஊதினேன். ஒரு சிப்பாய் அதை வாங்கி உருட்டிப் பார்த்து மற்றவனிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னான். எனக்குப் பின்னால் நின்ற முதியவர் மெதுவாக மொழிபெயர்த்தார்.

"தன்ரை ஊர் எங்கை எண்டு தேடுறான். இவ்வளவு கடலும் என்னத்துக்கு எண்டு மற்றவன் கேக்கிறான்."

காற்றை இறக்கிவிட்டுக் கொண்டுபோகச் சொன்னார்கள்.

இது தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு ஆனி மாதம் நடந்தது. லண்டனில் முப்பது ஆண்டுகள் புவியியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். அந்த ஆண்டுகளில் அங்குள்ள பாடசாலைகளில் சுற்றாடல், உலகப் பிரசை, பேண்தகு வாழ்வு என்ற சொற்கள் புதிதாகப் புகுந்திருந்தன. எங்கள் ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து அதற்காக ஒரு பாடத்தொகுதி தயாரித்தோம். அதை நான் தமிழாக்கினேன். வன்னியில் ஒரு சிறிய பாடசாலையில் மூன்று கிழமை நடத்திப் பார்க்கிறேன் என்று முன்வந்தவனும் நான்தான். சேவை என்று எல்லோருக்கும் சொன்னேன். உண்மை வேறு. மனைவி இறந்து ஒரு வருடமாகியிருந்தது. பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு அந்த வீட்டில் எனக்குப் பேச ஒருவரும் இல்லை.

இரு தரப்புக்கும் இடையிலிருந்த சூனியப் பிரதேசத்தை நடந்து கடந்து, அப்பால் நின்ற பஸ்ஸில் ஏறினேன். மண்ணெண்ணெயில் ஓடும் பஸ் அது. குழந்தைக்குப் பால் கொடுக்கும் சூப்பிப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருந்து, அதை எஞ்சினுக்குள் பீச்சித்தான் உயிர்கொடுப்பார்கள். மாங்குளத்துக்கு இரண்டு மைல்கட்டை இருக்கும்போது அது நின்றுவிட்டது. எல்லோரையும் இறங்கித் தள்ளச் சொன்ன நடத்துனர், என்னை மட்டும் இருக்கச் சொன்னார். நான் எங்கிருந்து வருகிறேன் என்று அவர் முன்பே விசாரித்திருந்தார்.

"ஏன், லண்டனிலை பஸ் தள்ளப் பழக்கேல்லையோ?" என்று ஒரு பெண் கேட்டா. பஸ் முழுவதும் சிரித்தது.

நானும் இறங்கினேன். ஆனால் பஸ்ஸில் கைவைக்க ஒருவரும் விடவில்லை. இருபது பேர் தள்ள, நான் தொப்பியைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். அந்த மூன்று கிழமையும் என் நிலைமை ஏறக்குறைய அதுதான்.

மாங்குளச் சந்தியில் தேத்தண்ணி குடித்தேன். உள்ளங்கையில் ஒரு சிறு துண்டு பனங்கட்டி தந்தார்கள். நான் அதைக் கோப்பைக்குள் போட்டுக் கலக்கினேன். கடைக்காரர் இன்னொரு துண்டு கொண்டுவந்து வைத்தார். பக்கத்து வாங்குப் பலகையில் இருந்தவர் தன் துண்டில் ஓர் ஓரம் கடித்து, இரண்டு மிடறு குடித்து, மீதியைச் சட்டைப்பையில் வைத்ததைப் பிறகுதான் கவனித்தேன்.

பாடசாலை ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே, காட்டோரமாக இருந்தது. கிடுகு வேய்ந்த இரண்டு கொட்டில்கள், ஒரு கிணறு, ஒரு பாலை மரம். பதில் அதிபராக இருந்தவர் சிவபாக்கியம் ரீச்சர். குடாநாட்டிலிருந்து வந்து முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் நெல் விதைத்த குடும்பம். ஐம்பது வயதிருக்கும். அதிகம் பேசமாட்டா. பாடசாலையை ஒட்டிய ஒரு சிறு அறையை எனக்காக மெழுகி வைத்திருந்தா. மூன்று வேளையும் அவவின் வீட்டிலிருந்து சாப்பாடு வந்தது. குரக்கன் பிட்டு, கத்தரிக்காய்க் குழம்பு, ஒருநாள் மரை இறைச்சி வத்தல். ரீச்சரின் கணவர் அதைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நான் கை கழுவும்வரை வாசலில் நின்று, போய்விடுவார். கூட இருந்து சாப்பிடுங்கள் என்று நான் கேட்டேன். நீங்கள் சாப்பிடுங்கோ சேர் என்றார். மரியாதை இவ்வளவு தனிமையானது என்பது எனக்குத் தெரியாது.

முதற் பாடம் பத்து நிமிடத்தில் முடிந்துபோனது. வீட்டில் எவற்றை வீணாக எறிகிறீர்கள் என்று பட்டியலிட வேண்டும். லண்டனில் இரண்டு பாடவேளை ஓடும் பாடம் அது. இங்கே முப்பது பிள்ளைகளும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெண்கட்டியை நாலாக முறித்து நாலு நாளுக்கு வைத்திருக்கும் வகுப்பு. பென்சிலால் எழுதிய கொப்பியை அழித்துவிட்டு மீண்டும் எழுதுகிறவர்கள். கடைசி வாங்கிலிருந்து ஒரு சிறுமி எழுந்தாள்.

"எறியிறதுக்கு ஒண்டுமில்லை சேர்."

அவள் பெயர் தனலட்சுமி. வயது பன்னிரண்டு. மலையகத்திலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை. வீட்டில் மலைநாட்டுத் தமிழும் வகுப்பில் வன்னித் தமிழும் பேசுவாள்.

மூன்றாம் நாள் தேயிலைப் பாடம். நாம் குடிக்கும் தேநீருக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்பதுதான் அதன் பொருள். கூடையோடு சிரிக்கும் ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணின் படம் ஒரு முழுப் பக்கத்தில் இருந்தது. தனலட்சுமி அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் மறுநாள் திருப்பித் தந்தாள். படத்தில் இருப்பது கொழுந்து பறிக்கிற ஆள் இல்லை என்று தன் அம்மா சொன்னதாகச் சொன்னாள். கூடைக் கயிறு உச்சந்தலையில் இல்லாமல் நெற்றியில் விழுந்திருக்கிறதாம். அப்படிப் போட்டால் ஒரு மணித்தியாலம் நிற்க முடியாதாம். நான் சிரித்துத் தட்டிக்கொடுத்தேன். நாங்கள் ஆறு ஆசிரியர்கள் பல மாதங்கள் கூடிச் சரிபார்த்த பக்கம் அது.

முதற் கிழமை முடிவில் எல்லோருக்கும் ஓர் அட்டை கொடுத்தேன். 'நான் ... நாட்டின் பிரசை. நான் உலகத்தின் பிரசை' என்று அச்சிட்டிருந்தது. தனலட்சுமி முதல் வரியின் இடைவெளியை நிரப்பவில்லை. ஏன் என்று ரீச்சரிடம் கேட்டேன். அவளுடைய தகப்பன் மாரிமுத்து எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தோட்டத்திலிருந்து ஓடி வந்தவர். இந்தியப் பிரசையும் இல்லை, இலங்கைப் பிரசையும் இல்லை. இப்போது சட்டம் மாறிவிட்டது என்கிறார்கள். ஆனால் அதற்குரிய தாள் இந்தக் காட்டுக்கு வந்து சேரவில்லை. தாள் இல்லாததால் குளத்தின் கீழ் காணிக்குப் பெர்மிற் இல்லை. காணி இல்லாததால் விறகு வெட்டிச் சைக்கிளில் கட்டிப் புதுக்குடியிருப்புக்குக் கொண்டுபோய் விற்கிறார்.

நான் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு, முதல் வரி வெறுமையாகவே இருக்கட்டும், இரண்டாவது வரி போதும் என்றேன். அது ஓர் அழகான பதில் என்று அப்போது நினைத்தேன். அன்றே குறிப்புப் புத்தகத்திலும் எழுதி வைத்தேன்.

இரண்டாவது கிழமை விறகுக் கணக்கெடுப்பு. ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டுக்கு வரும் விறகு எது, எங்கிருந்து, யார் வெட்டியது என்று ஏழு நாளும் எழுதி, வரைபடமும் கீற வேண்டும். உண்மையை மட்டும் எழுதுங்கள் என்று மூன்று முறை சொன்னேன். தாள்கள் வந்தபோது எரிச்சலாக இருந்தது. ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே வரிதான்: 'காய்ந்த விறகு, வேலியோரம் பொறுக்கியது.' பார்த்து எழுதியிருக்கிறார்கள் என்று ரீச்சரிடம் குறைப்பட்டேன்.

"அதுகள் பிழையா எழுதேல்லை சேர்" என்றா ரீச்சர்.

தனலட்சுமியின் தாள் மட்டும் வேறு. தகப்பன் போகும் பாதை, யானை தண்ணீர் குடிக்க வரும் மோட்டை, பட்டுப்போன வீரை மரம், பட்டுப்போன முதிரை மரம் என்று ஆறு நாள். ஏழாம் நாள், நான் கொடுத்த பச்சைப் பென்சிலால் ஒரு மரம் கீறி, 'பச்சைப் பாலை ஒன்று. சூளைக்காரர் அவசரமாகக் கேட்டார்' என்று எழுதியிருந்தாள். வரைபடத்தில் அந்த அடிக்கட்டை நிற்கும் இடத்துக்கு ஒரு புள்ளி. முப்பது ஆண்டில் இவ்வளவு நேர்மையான வெளிக்களக் குறிப்பை நான் லண்டனில் கண்டதில்லை.

கடைசிக் கிழமையில் கண்காட்சி வைப்பது என்று முடிவாகியது. எங்கள் ஊர்ப் பாடசாலைகளின் வழக்கம் தெரிந்ததுதான். விளக்கேற்ற ஒரு பிரதம விருந்தினர் வேண்டும், மாலை வேண்டும், முதலாவதாக வந்த பிள்ளை தன் ஆக்கத்தின் பக்கத்தில் நின்று விருந்தினருக்கு விளக்க வேண்டும். அப்போது அந்தப் பகுதியை வைத்திருந்த இயக்கத்துக்குக் காட்டைக் காக்கவும் ஒரு நிர்வாகம் இருந்தது. பச்சை மரம் தறிப்பது குற்றம். அதன் பொறுப்பாளரை அழைப்போம் என்றேன். பாடத்தின் பொருளுக்கு இதைவிடப் பொருத்தமான விருந்தினர் ஏது?

ரீச்சர் மேசையிலிருந்த தாள்களை அடுக்கியபடி கேட்டா.

"அப்ப தனலட்சுமியின்ரை தாள் சுவரிலை வேணுமோ சேர்?"

"அதுதானே முதலாவது."

"முத்தையன்கட்டுப் பிள்ளை ஒண்டு வடிவாக் கீறியிருக்கு. அதைப் போடலாமெண்டு பாத்தன்."

இந்த இடத்தை ஒளிக்காமல் எழுத வேண்டும். எனக்குக் கேட்டது அந்த வார்த்தைகள் அல்ல. நான் வளர்ந்த வீட்டில், தோட்டத்துச் சனம் என்ற சொல்லை எந்தத் தொனியில் சொல்வார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தத் தொனியை ரீச்சரின் வாயில் நானே வைத்துக் கேட்டேன். என்னிடம் அது இல்லை என்பதில் எனக்குப் பெரிய பெருமை இருந்தது.

"தோட்டத்துப் பிள்ளை முதலாவதாக வந்தால் என்ன ரீச்சர்? இதை மாற்றத்தானே நாங்கள் படிப்பிக்கிறோம்?" என்றேன்.

அவவின் முகம் சிவந்துவிட்டது. "நான் அதுக்குச் சொல்லேல்லை சேர்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனா. பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. விருந்தாளியை, அதுவும் தன்னிலும் மூத்தவனை, ஒரு முறைக்கு மேல் மறுத்துப் பேசும் வழக்கம் அவவிடம் இல்லை. அந்த ஒரு முறையை நான் அப்படிச் செலவழித்தேன்.

கண்காட்சி நன்றாக நடந்தது. கொட்டிலுக்கு மாவிலை கட்டினார்கள். பொறுப்பாளர் சைக்கிளில் வந்தார். இருபத்தைந்து வயதுக்கு மேல் இராது. பணிவானவர். கடதாசி மாலையைக் கழற்றி ஒரு சிறு பிள்ளையின் கழுத்தில் போட்டார். எல்லாத் தாள்களையும் பொறுமையாக வாசித்து, தனலட்சுமியின் தாளுக்கு முன்னால் நின்றார். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, நான் பழக்கியபடி, ஏழு நாளையும் சொல்லி முடித்தாள்.

"இந்தப் பச்சைப் பாலை எவ்விடத்திலை தங்கச்சி?"

அவள் புள்ளியில் விரலை வைத்தாள். பச்சை மரம் என்ற சொல் எனக்கு உறைக்கவே இல்லை; நான் அவளுக்குப் பின்னால் சந்தோஷத்தில் நின்றேன்.

மாரிமுத்து கூட்டத்தின் பின்வரிசையில் வெளுத்த சட்டையோடு நின்றார். நான் அவரிடம் போய்க் கையைப் பிடித்துக் குலுக்கி, உங்கள் மகள் கெட்டிக்காரி என்றேன். அந்தக் கை என் கைக்குள் அப்படியே கிடந்தது.

"சந்தோசங்க" என்றார். என்னைப் பார்க்கவில்லை. சுவருக்கு முன்னால் நின்றவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மாரிமுத்துவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். கோடரியும் சைக்கிளும் பறிமுதல். தண்டனையாக மூன்று மாதம் மாங்குளத்துக்கு அப்பால் தேக்கங்கன்று நடும் வேலை. ரீச்சர் வகுப்புக்கு நடுவில் வந்து இதைச் சொன்னா. குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். தனலட்சுமி அன்று வரவில்லை. மத்தியானச் சாப்பாடு வழமைபோல வந்தது. அதிலும் ஒரு குறையும் இல்லை. நான் சாப்பிட்டேன்.

பின்னேரம் ரீச்சரும் நானும் ஆளுக்கொரு சைக்கிளில் அவர்கள் வீட்டுக்குப் போனோம். மணல் பாதையில் இரண்டு முறை விழுந்தேன். வழியில் ரீச்சர் ஒரே ஒரு தடவை பேசினா. நீங்கள் ஒருக்கா மாங்குளத்திலை அவையின்ரை அலுவலகத்துக்குப் போய், அது நான் குடுத்த பாட வேலை, பிள்ளை என்ரை சொல்லுக்குச் செய்தது எண்டு சொன்னால் விடுவினம் சேர், லண்டனாலை வந்த ஆளின்ரை கதைக்கு மதிப்பிருக்கு என்றா. நான் யோசிப்போம் என்றேன்.

அவர்கள் வீடு, மண்சுவர் வைத்த ஓர் அறை. தாய் பார்வதி ஒரு பெட்டியைக் கவிழ்த்துத் துணி விரித்து என்னை இருக்கச் சொன்னா. தேத்தண்ணி வந்தது. கையில் வைக்கப் பனங்கட்டி இல்லை. அதற்கு மன்னிப்பும் கேட்டா. தனலட்சுமி கதவுக்குப் பின்னால் நின்றாள். ஒரு கன்னம் வீங்கியிருந்தது.

"நான்தாங்க அடிச்சேன்" என்றா பார்வதி. "எதையெல்லாம் எழுதுறதுன்னு இருக்குல்லங்க."

அந்தப் பிள்ளை முன்னால் வந்து என்னிடம் கேட்டாள். "சேர், நான் எழுதினது பிழையோ?"

பிழை என்னுடையது என்று சொல்லியிருக்க வேண்டும். தாயின் முன்னால், ரீச்சரின் முன்னால், அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இல்லைப் பிள்ளை, நீ உண்மையைத்தானே எழுதினாய்" என்றேன். அவள் தாயைப் பார்த்தாள். தாய் நிலத்தைப் பார்த்தா. அந்த வீட்டில் அந்த வாக்கியத்துக்கு ஒரு பயனும் இருக்கவில்லை.

பார்வதி என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"ஐயா ஒரு எட்டு வந்து ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா விட்டுருவாங்க. இவரு ஒருத்தர் ஒழைப்புலதாங்க அஞ்சு பேரு திங்கிறோம். சைக்கிள் இல்லாட்டியும் பரவால்லங்க. ஆளு வந்தாப் போதும்."

வன்னிக்குள் தங்குவதற்கு எனக்குத் தந்த பாஸ் மறுநாளோடு முடிகிறது என்றேன். நாளை மாலைக்குள் தாண்டிக்குளம் கடக்காவிட்டால் பெரிய சிக்கலாகிவிடும் என்றேன். சொல்லிவிட்டு, அவ அழுவா என்றோ, திட்டுவா என்றோ காத்திருந்தேன்.

அவ உடனே தலையாட்டினா.

"அப்ப நீங்க போயிருங்க ஐயா. பாஸு முக்கியம். தாளு இல்லாம நாங்க பட்ட பாடு போதும். உங்களுக்கு அந்த நெலம வேணாங்க."

அதில் குத்தல் இருக்கவில்லை. எனக்காக உண்மையிலேயே பயந்துதான் அவ அதைச் சொன்னா.

பாஸை ஒரு நாள், இரண்டு நாள் நீடிக்க முடியும். மாங்குளத்தில் அதற்கென்று ஓர் அலுவலகம் இருந்தது. வந்த முதல் நாளே எனக்கு விளக்கியிருந்தார்கள். ரீச்சருக்கும் அது தெரியும். அவ என் முகத்தைப் பார்த்தா. பிறகு கோப்பைகளை எடுத்துக்கொண்டு, பின்னால் சமைக்கும் குசினிக் கொட்டிலுக்குள் போனா. 

ஏன் பொய் சொன்னேன்? பயம்தான். காட்டு நிர்வாகத்தின் அலுவலகத்தில் நின்று, என் பாடம் ஒரு மனிதனைப் பிடித்துக் கொடுத்துவிட்டது என்று அந்த இளைஞரின் முன்னால் சொல்வதற்குப் பயந்தேன். அவர் எனக்கு நன்றி சொல்லிவிடுவார் என்றும் பயந்தேன்.

காலையில் ஓர் உழவு இயந்திரத்தின் இழுவைப் பெட்டியில் ஏறினேன். பாடசாலைப் பிள்ளைகள் வரிசையாக நின்று கும்பிட்டார்கள். ரீச்சர் வழிக்கென்று ஒரு பொதி சோறு தந்தா. வெயில் ஏற முன்னர் போங்கோ சேர் என்றா. மூன்று கிழமையில் என்மேல் அவ நம்பிக்கை இழந்ததன் சுவடு எதையும் அந்த முகத்தில் காண முடியவில்லை.

மாங்குளத்துக்கு வரும்போது எஞ்சின் சூடாகிவிட்டது. ஓட்டுனர் வேலி அடைத்த ஒரு வளவின் எதிரே நிறுத்திவிட்டு, தண்ணீர் எடுக்க வாளியோடு போனார். வளவுக்குள் இரண்டு கட்டடங்கள். ஒன்று பாஸ் அலுவலகம். மற்றது காட்டு நிர்வாகத்தினுடையது. அதன் முன்னால் கறுப்புப் பைகளில் தேக்கங்கன்றுகள் அடுக்கியிருந்தன. வேலியோடு ஒன்பது சைக்கிள்கள் சாத்தியிருந்தன. விறகு கட்டுவதற்காகப் பின்பக்கம் நீளத் தடி வைத்து இறுக்கிய சைக்கிள்கள். அவற்றில் எது மாரிமுத்துவினுடையது என்று எனக்குத் தெரியாது.

கண்காட்சிக்கு வந்த இளைஞர் வெளியே வந்தார். என்னைக் கண்டதும் அடையாளம் தெரிந்து, கையை உயர்த்திச் சிரித்தார். நானும் கையை உயர்த்தினேன். இறங்கி நடந்தால் முப்பது அடி. அவர் கொஞ்ச நேரம் நின்றார். ஏதோ சொல்ல வருகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். பிறகு உள்ளே போய்விட்டார்.

அரை மணித்தியாலம் அங்கே நின்றோம். நான் இழுவைப் பெட்டியின் விளிம்பைப் பிடித்தபடி இருந்தேன். ஓட்டுனர் தண்ணீர் ஊற்றி மூடியை இறுக்கிவிட்டு என்னிடம் வந்தார்.

"இஞ்சை ஏதும் அலுவல் இருக்கோ ஐயா? இருந்தால் முடிச்சிட்டு வாங்கோ. நான் நிப்பன்."

ஒன்றுமில்லை என்றேன்.